ஸ்பிளிட் ஏசி: மின் இணைப்பையும் கேஸ் நிரப்புதலையும் பாதுகாப்பாகச் செய்யும் முறை

ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய செம்புக் குழாய்ச் சுற்றுக்குள் அது இன்டோர் யூனிட்டில் ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அவுட்டோர் யூனிட்டில் கம்ப்ரஸரால் அழுத்தப்பட்டு, மீண்டும் திரவமாகி, அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. எத்தனை ஆண்டுகள் சுழன்றாலும் அதன் எடை குறையக் காரணமே இல்லை. ஆகவே கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று மட்டுமே பொருள். ஆண்டுதோறும் கேஸ் அடிக்க வேண்டும் என்ற நம்பிக்கை தவறானது. கசிவைக் கண்டுபிடிக்காமல் மேலும் மேலும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதைப் போன்றது. ஏசியில் அந்த ஓட்டை வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே புகக்கூடும் என்பதால் தீங்கு இன்னும் பெரிது.

குளிரூட்டும் வாயுவைக் கையாள்வதற்கு உரிமம் அல்லது சான்றிதழ் வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும், முறையான பயிற்சி இல்லாதவர் குழாய்ச் சுற்றைத் திறக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தொழில் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்காகவும், தம் வீட்டில் நடக்கும் வேலை சரியாக நடக்கிறதா என்று அருகில் நின்று கவனிக்க விரும்புபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் நேம்பிளேட்டைப் படியுங்கள்

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் கேஸின் வகை, நிரப்ப வேண்டிய எடை, மின்னழுத்தம், உச்ச மின்னோட்டம் ஆகிய நான்கும் இருக்கும். இவற்றைக் குறித்துக்கொள்ளாமல் கருவிப் பெட்டியைத் திறக்க வேண்டாம். பழைய ஏசிகளில் ஆர்-22, அதற்குப் பின் வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போதைய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32, சிலவற்றில் ஆர்-290 எனப்படும் புரொப்பேன் இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிரப்புவதோ, மிச்சமிருப்பதோடு வேறொன்றைக் கலப்பதோ கூடவே கூடாது. 30 டிகிரி வெப்பநிலையில் நின்றுகொண்டிருக்கும் ஏசியில் ஆர்-22 ஏறத்தாழ 11 பார் அழுத்தத்தைக் காட்டும். ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் ஏறத்தாழ 18 பார் காட்டும். ஆர்-22க்கு வாங்கிய பழைய கேஜையும் (அழுத்தமானி) ஹோஸ்களையும் புதிய ஏசியில் மாட்டக் கூடாது என்று சொல்வது இந்த வேறுபாட்டால்தான். ஓடும்போது வெளியேற்றும் பக்கத்து அழுத்தம் இன்னும் மேலே போகும்.

ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றும் வகை. ஆர்-290 எளிதில் தீப்பற்றும் வகை. இரண்டும் காற்றைவிடக் கனமானவை என்பதால் கசிந்தால் தரையோடு தங்கும். மூடிய சிறு அறையில் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். எனவே வேலை தொடங்குமுன் கதவுகளையும் சன்னல்களையும் திறந்து, அடுப்பு, விளக்கு, சிகரெட் என எந்த நெருப்பும் அருகில் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தீப்பற்றாது என்று கருதப்படும் வகைகளும் சுடரில் பட்டால் சிதைந்து நச்சு அமில வாயுக்களாக மாறும் என்பதால், கேஸ் உள்ளிருக்கும் குழாயில் ஒருபோதும் பற்றவைப்பு டார்ச்சை வைக்கக் கூடாது. திரவ நிலையில் இந்த வாயுக்கள் பூஜ்யத்துக்கு 40, 50 டிகிரி கீழே கொதிப்பவை. கண்ணிலோ விரலிலோ தெறித்தால் திசு உறைந்துபோகும். கண்ணாடியும் கையுறையும் ஹோஸைக் கழற்றும் அந்த ஒரு நொடிக்காகவே தேவைப்படுகின்றன.

மின் இணைப்பு

ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனியான ஒரு சர்க்யூட் வர வேண்டும். ஏற்கெனவே விளக்கும் மின்விசிறியும் ஓடும் வயரிலிருந்து கிளை எடுப்பது தீ விபத்தை வரவழைப்பதாகும். இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு: 1.5 டன் என்பது மின்சாரம் இழுக்கும் அளவைக் குறிப்பதில்லை. ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் திறன். அதற்கான மின்நுகர்வு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கும். 230 வோல்ட் வினியோகத்தில் 1.5 டன் ஏசி வழக்கமாக 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும். ஆனாலும் வயரையும் எம்.சி.பி.யையும் (மிகை மின்னோட்டத்தில் தானே துண்டிக்கும் சுவிட்ச்) தேர்ந்தெடுப்பதற்கு நேம்பிளேட்டில் உள்ள உச்ச மின்னோட்டத்தையும் நிறுவனத்தின் கையேட்டையும் மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 20 மீட்டர் தூரத்துக்கு 9 ஆம்பியர் சென்றால் ஏறத்தாழ 3 வோல்ட் குறையும். தூரம் கூடும்போது 4 சதுர மில்லிமீட்டருக்கு மாறுவது நல்லது. வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை அல்லாத கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுப்பதால், அந்த நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்தால் அது கிளம்பாமல் முனகி நின்றுவிடும். சி வகை எம்.சி.பி.யைப் போடுவதும் இந்தக் கிளம்பும் மின்னோட்டத்தை மனத்தில் வைத்தே. அதோடு மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், மழையில் நனையும் அவுட்டோர் யூனிட்டைத் தொடும் கைக்கு அது காவல்.

வேலைக்கு முன் மின்சாரத்தை மெயினில் துண்டித்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டி, பிறகு மீட்டரால் சோதிக்க வேண்டும். மின்சாரம் உள்ள ஓரிடத்தில் மீட்டரைச் சரிபார்த்து, துண்டித்த இடத்தில் பார்த்து, மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்ப்பதே முழுமையான சோதனை. இல்லாவிட்டால் பழுதான மீட்டர் காட்டும் பூஜ்யத்தை நம்பிக் கை வைத்துவிடுவோம். துண்டித்த பிறகும் ஏசிக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி.யைத் தேக்கி வைத்திருப்பவை; குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, டி.சி. முனைகளை அளந்து பார்த்த பின்னரே தொட வேண்டும். சாதாரண ஏசியின் ரன் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் இணைத்துப் பொறி பறக்க வைக்கும் வழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். தகுந்த ரெசிஸ்டர் வழியாக மெதுவாக இறக்குவதே முறை.

இன்டோர், அவுட்டோர் யூனிட்டுகளுக்கு இடையே செல்லும் கேபிளில் நடுவில் ஜாயின்ட் போடக் கூடாது. டெர்மினலில் 1, 2, 3 அல்லது எல், என், எஸ் என்று எப்படி எழுதியிருக்கிறதோ, இரு முனையிலும் அதே வரிசையில் அதே வயர் வர வேண்டும். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம், மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தை நம்புங்கள். இன்வெர்ட்டர் ஏசியில் எஸ் என்பது இரு போர்டுகளும் பேசிக்கொள்ளும் வழி. அதில் லைன் வயரை மாற்றிச் செருகினால், போட்ட நொடியிலேயே போர்டு எரிந்துபோகலாம். பல இழை வயரின் முனையில் லக்கோ ஃபெரூலோ (உலோக முனைப்பூண்) அழுத்திப் பொருத்தி, ஸ்குரூவை இறுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். நான் திறந்து பார்த்த கருகிய டெர்மினல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தளர்ந்த ஒரு ஸ்குரூதான். எர்த் வயர் மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். கேபிள் பிய்த்துக்கொண்டாலும் அது கடைசியாகக் கழல வேண்டும் என்பதற்காக. அவுட்டோருக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்தால் மழைநீர் வயரோடு உள்ளே இறங்காது.

கம்ப்ரஸரின் மூன்று முனைகளில் காமன், ஸ்டார்ட், ரன் எவை என்று தெரியாதபோது ஓம் மீட்டர் சொல்லிவிடும்: அதிக மின்தடை காட்டும் இரண்டும் ஸ்டார்ட்டும் ரன்னும்; எஞ்சியது காமன்; காமனிலிருந்து குறைந்த தடை காட்டுவது ரன். இது ஒற்றை ஃபேஸ் சாதாரணக் கம்ப்ரஸருக்கு மட்டுமே பொருந்தும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸரில் மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். கேஸ் உள்ளிருக்கும் கம்ப்ரஸருக்கு டெர்மினல் மூடி இல்லாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. உள்ளே ஷார்ட் ஆனால் அந்த முனை பிய்ந்து பறந்து, எண்ணெயும் கேஸும் பீறிட்டு, தீப்பிழம்பாகவும் மாறக்கூடும்.

குழாய், நைட்ரஜன், வேக்கம்

குழாயின் முனையைப் பிசிறு நீக்கி, அப்போது செம்புத் துகள் உள்ளே விழாதபடி முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, 45 டிகிரியில் புனல் போல விரித்து (ஃபிளேர்), இரண்டு ஸ்பானர்களால் இறுக்க வேண்டும். கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 50 முதல் 62 வரை என்பது பொதுவான அளவு. கைப் பழக்கம் இருந்தாலும் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பானரை விடாதீர்கள். மிகையாக இறுக்கிய நட்டு பின்னாளில் வெடித்துக் கசிகிறது.

அடுத்துக் கசிவுச் சோதனை. இதற்கு உலர் நைட்ரஜன் மட்டுமே. ஆக்சிஜனையோ, காற்றுக் கம்ப்ரஸரின் காற்றையோ ஏற்றினால் உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கக்கூடும். இதில் உயிரிழந்தவர்கள் உண்டு. நைட்ரஜன் சிலிண்டரில் 150 பார் வரை அழுத்தம் இருப்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்கக் கூடாது. முதலில் 5 பார், பிறகு 15 பார், பிறகு கையேடு சொல்லும் அளவு எனப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். முழு அழுத்தத்தில் சில மணி நேரம் விட முடிந்தால் இன்னும் நல்லது. வெப்பநிலை மாறினால் கேஜ் முள்ளும் சற்று நகரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வேக்கம் போடுவதன், அதாவது பம்பால் குழாய்ச் சுற்றை வெற்றிடமாக்குவதன், நோக்கம் காற்றை அகற்றுவதோடு முடிவதில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி வெளியேற்றுவதே அதன் முக்கியப் பயன். புதிய ஏசிகளில் உள்ள செயற்கை எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி அமிலமாகச் சிதைந்து, மோட்டார் சுற்றின் காப்பை அரித்துவிடும். அறை வெப்பநிலையில் நீர் கொதிக்க அழுத்தம் 24,000 மைக்ரானுக்குக் (வேக்கத்தை அளக்கும் மிகச் சிறிய அழுத்த அலகு) கீழே இறங்க வேண்டும். வேலை விரைவாகவும் முழுமையாகவும் முடிய 500 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும். சாதாரண மேனிஃபோல்டு கேஜின் முள்ளில் இந்த அளவுகளைப் பிரித்துக் காண முடியாது, ஆகவே மைக்ரான் கேஜ் வேண்டும். பம்பை நிறுத்தி வால்வை மூடி 10 நிமிடம் பாருங்கள். அழுத்தம் சற்று ஏறி ஓரளவில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. நேரம் பார்த்து "அரை மணி ஓட்டியாயிற்று" என்று முடிப்பது வேக்கம் ஆகாது. கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் பழக்கம் அதைவிட மோசம். ஈரம் அப்படியே நிற்கும். வேக்கத்தில் இருக்கும் கம்ப்ரஸருக்கு மின்சாரம் கொடுப்பதோ உயர் மின்னழுத்தத்தால் காப்பைச் சோதிக்கும் மெகரை வைப்பதோ கூடாது. அந்நிலையில் முனைகளுக்கிடையே பொறி பாயும்.

கேஸ் நிரப்புதல்

புதிய ஏசியில் கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே நிரப்பப்பட்டு வருகிறது. வேக்கம் குறையாமல் நிற்கிறது என்று உறுதியான பிறகு, மெல்லிய குழாயின் வால்வைச் சிறிது திறந்து, மீண்டும் ஒருமுறை கசிவு பார்த்து, பிறகு இரு வால்வுகளையும் முழுமையாகத் திறந்தால் போதும். குழாய் கையேடு சொல்லும் நீளத்தைத் தாண்டினால் மட்டும் கூடுதல் கேஸ் தேவைப்படும். எடுத்துக்காட்டாக, தகட்டில் 800 கிராம், கூடுதல் தேவைப்படாத நீளம் 7.5 மீட்டர், அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் என்று இருந்து, குழாய் 12 மீட்டர் ஓடினால், 4.5 மீட்டருக்கு 90 கிராம் சேர்த்து மொத்தம் 890 கிராம் ஆகும்.

கசிந்த ஏசியில் மிச்சமுள்ள கேஸின் எடை யாருக்கும் தெரியாது. அதை ரெகவரி இயந்திரத்தால் தனிச் சிலிண்டரில் எடுத்து, கசிவை அடைத்து, நைட்ரஜனும் வேக்கமும் முடித்து, முழு அளவையும் தராசில் எடை பார்த்து நிரப்புவதே சரியான வழி. காற்றில் திறந்துவிடாதீர்கள், ஒரு கிலோ ஆர்-410ஏ ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியைச் சூடாக்கும். ரெகவரி சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவும் கூடாது. வெயிலில் திரவம் விரிய இடமில்லாமல் வெடிக்கும்.

சிலிண்டரைத் தராசில் வைத்து, ஹோஸில் உள்ள காற்றை நீக்கி, தராசைப் பூஜ்யமாக்குங்கள். ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 இரண்டும் சம எடையில் கலந்தது. விகிதம் மாறாதிருக்க அதைத் திரவமாகவே எடுக்க வேண்டும். ஆர்-32 ஒற்றைப் பொருள் என்பதால் ஆவியாகவும் எடுக்கலாம். ஏசி நின்றிருக்கும்போதே வேக்கம் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். சில நிமிடம் விட்டு ஏசியை ஓட்டி, மிச்சத்தைச் சக்‌ஷன் பக்கம் (தடித்த குழாய்) வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து கொடுக்க வேண்டும். திரவத்தை ஒரேயடியாக விட்டால் கம்ப்ரஸர் அதை அழுத்த முடியாமல் உடையும். சிலிண்டரிலிருந்து கேஸ் வர மறுத்தால் வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். சுடரைக் காட்டக் கூடாது.

கேஜில் இத்தனை பி.எஸ்.ஐ. வந்தால் நிறுத்து என்ற பழைய கணக்கை இன்வெர்ட்டர் ஏசியில் அறவே கைவிட வேண்டும். கம்ப்ரஸரின் வேகம் மாறும்போதெல்லாம் அழுத்தமும் மாறும். காலையில் சரியாக இருந்த முள் மதியம் குறைவாகக் காட்டும், கேஸோ ஒரு கிராமும் போயிருக்காது. அளவைச் சொல்லும் கருவி தராசு ஒன்றே; கேஜும் வெப்பமானியும் அதைச் சரிபார்ப்பவை.

இருபது நிமிடம் ஓட்டிய பின், உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வேறுபாடு இருக்கிறதா, கிளாம்ப் மீட்டர் காட்டும் மின்னோட்டம் தகட்டின் அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய குழாயின் வால்வில் பனி படிந்தால் கேஸ் குறைவு என்று ஐயப்படலாம். ஆனால் அழுக்கேறிய ஃபில்டரும் ஓடாத இன்டோர் விசிறியும் காயிலில் பனி படிய வைக்கும் என்பதால், முதலில் அவற்றைப் பாருங்கள்.

பிற்காலத்தில் ஏசியை இடம் மாற்றும்போது, மெல்லிய குழாயின் வால்வை மூடி ஓட்டிக் கேஸை அவுட்டோரில் சேர்ப்பார்கள். கசிவு உள்ள ஏசியில் இதைச் செய்தால் கம்ப்ரஸர் காற்றை உள்ளிழுத்து, எண்ணெயோடு சேர்த்து அழுத்தி, டீசல் இன்ஜினைப் போல் தானே பற்றி வெடிக்கக்கூடும். கசிவு இருக்கிறது என்று சிறிது ஐயம் இருந்தாலும் ரெகவரி இயந்திரத்தையே பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் வால்வு மூடிகளையும் சர்வீஸ் போர்ட் மூடியையும் மறக்காமல் இறுக்கி, நிரப்பிய எடையையும் தேதியையும் அழியாத மையால் நேம்பிளேட்டின் அருகில் எழுதிவையுங்கள். அடுத்து வருபவருக்கு அந்த ஒரு வரி வேண்டியிருக்கும்.