பத்துப் பாயில் தொடங்கலாம்: கைவினைஞர் பொருளைச் சிங்கப்பூரில் விற்பது எப்படி?

எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1946-இல் போர்ட்டோ ரிக்கோ போனார். அங்கே ஏழைப் பெண்கள் செய்த பூத்தையல் துணிகளை வாங்கிவந்து, தன் காரில் வைத்து விற்கத் தொடங்கினார். பின்னாளில் அதுவே டென் தவுசண்ட் வில்லேஜஸ் என்ற பெரிய கடைத்தொடர் ஆனது. நமக்குக் கார்கூட வேண்டாம், கைப்பேசி போதும்.

படி 1: ஒரே ஒருவர்

ஒரு கைவினைஞர், ஒரு பொருள், பத்து உருப்படி. ஜாவா பாத்திக், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை என்று ஆசை எல்லாப் பக்கமும் இழுக்கும். போகாதீர்கள். நான் எடுத்தது பத்தமடைக் கோரைப்பாய். திருநெல்வேலிப் பக்கத்துப் பொருள், புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்ற சட்ட அங்கீகாரம், பெற்றது.

படி 2: விலை

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பேரம் பேசாதீர்கள். "எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "எத்தனை நாள் ஆகுது அக்கா?" என்று கேளுங்கள். நான் கேட்டேன். அவர் சொன்ன விலையை நாள்கணக்கால் வகுத்தால், வயல்வேலைக் கூலியைவிடக் குறைவாக வந்தது! விலையை நானே ஏற்றினேன்.

ஒரு பாய்க்கு என் கணக்கு: நெசவாளருக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அனுப்பும் செலவு 9, பொட்டலம் 3, சந்தைக் கடை வாடகைப் பங்கு 8, சேதத்துக்கு 2. ஆக 52. விற்பது 65. மிச்சம் 13 வெள்ளி எனக்கு. இந்த 13 கட்டுப்படியாகாவிட்டால் வேறு பொருள் பாருங்கள், 30-இல் கை வைக்காதீர்கள்.

முன்பணம் கட்டாயம். கைவினைஞர் கேட்டால், பொருளின் விலையில் குறைந்தது 50 விழுக்காடு வட்டியில்லாமல் முன்கூட்டியே தரவேண்டும் என்பது செய்பவருக்கு நியாயமான விலை கிடைக்கப் பாடுபடும் உலக நியாய வணிக அமைப்பின் நெறி. நெசவாளர் நூலும் கோரையும் கடனுக்கு வாங்கினால், லாபம் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும்.

படி 3: தாள் வேலை

சிங்கப்பூரில் தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் (ACRA) தனியுரிமைத் தொழிலாகப் பதிய, பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்தே இணையத்தில் விற்கலாம், விளம்பரப் பலகை மாட்டக்கூடாது. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் வியாபாரம் தொடங்க முடியாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 4: வரவழைப்பது

விமானத்திலோ தபாலிலோ வரும் சரக்கு, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து 400 வெள்ளிக்குள் இருந்தால் இறக்குமதி ஜிஎஸ்டி இல்லை. தாண்டினால் 9 விழுக்காடு, இறக்குமதி பெர்மிட்டும் வேண்டும். தந்தமோ ஆமை ஓடோ கலந்த எதையும் தொடாதீர்கள். இந்தியாவிலிருந்து வணிகமாக அனுப்புகிறவருக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவை. நெசவாளரிடம் இல்லையென்றால் அது இருக்கும் கூட்டுறவுச் சங்கம் வழியாக வாங்குங்கள்.

எனக்கு வந்த முதல் சரக்கில் மூன்று பாய்களில் பூஞ்சை. பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி அலமாரியில் வைத்தது என் முட்டாள்தனம், நம்ம ஊர் ஈரத்தை மறந்துவிட்டேன். இப்போது காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு, நிற்கவைத்து அடுக்குகிறேன்.

படி 5: விற்பது

தீபாவளி நேரத்தில் தேக்காவில் (லிட்டில் இந்தியா) கடை போட ஆசை வரும், முதல் வருடம் வேண்டாம். வாட்ஸ்அப் குழு, சமூக மன்றச் சந்தை போதும். "பாவம், ஏழை நெசவாளி" என்று சொல்லி விற்காதீர்கள். அப்படி வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார். தறியில் பாய் ஏறும் படம், எத்தனை நாள் வேலை, எப்படித் துடைப்பது, இவற்றைச் சொல்லுங்கள்.

அப்புறம், வாங்கியவர் வீட்டுப் படத்தை நெசவாளருக்கு அனுப்புங்கள். நான் அனுப்பியதும் அந்த அக்கா கேட்டார்: "தம்பி, உங்க ஊரு வீடு இம்புட்டுச் சின்னதா? அகலத்தைக் குறைச்சு நெய்யட்டுமா?" இரண்டாவது ஆர்டர் அந்த அளவில்தான் வந்தது.