லவுடன் பக்கம் புதுசா வந்திருக்கீங்களா? இங்க ஜனவரியில வர்ற எலக்‌ஷன் பத்தி கொஞ்சம்

ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங், பிராம்பில்டன்னு வர்ஜீனியாவோட லவுடன் கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) நம்மாளுங்க வந்து இறங்குற ஏரியாவுல எந்த அபார்ட்மென்ட் நல்லது, எந்தக் கடையில முருங்கைக்காய் கிடைக்கும்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க, வாட்ஸப் குரூப்ல கேட்டா அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துரும். நான் சொல்லப்போறது யாரும் கேக்காத விஷயம், ஸ்டேட் செனட். சிட்டிசன் ஆகாத நமக்குத்தான் ஓட்டே இல்லையேன்னு நானும் பல வருஷம் கண்டுக்காமதான் இருந்தேன். ஆனா வந்த முதல் வருஷமே கதவைத் தட்டி ஒருத்தர் நோட்டீஸ் நீட்டுவார், தபால் பெட்டியில பெரிய பெரிய கலர் அட்டையா வந்து விழும், என்னன்னு தெரிஞ்சிருந்தா நல்லதுதானே.

முதல்ல குழப்பத்தைத் தீத்துருவோம். செனட்டர்னு சொன்னதும் வாஷிங்டன்ல உக்காந்திருக்கிறவங்கதான் ஞாபகம் வரும், இது அது இல்ல. ரிச்மண்ட்ல இருக்கிற வர்ஜீனியா சட்டசபைக்கு ரெண்டு அவை, கீழ 100 பேர் இருக்கிற ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ், 2 வருஷப் பதவி, மேல 40 பேர் இருக்கிற செனட், 4 வருஷப் பதவி. நம்ம ஊர்ல மேலவைய 1986லயே மூடிட்டாங்க, அதனால ஸ்டேட்டுக்கு மேலவைங்கிறதே நம்ம தலைமுறைக்குப் புதுசு. இங்க ரெண்டுக்குமே ஜனங்கதான் நேரா ஓட்டுப் போடுறாங்க, அதுவும் ஒற்றைப்படை வருஷத்துல. அமெரிக்காவே எலக்‌ஷன் பத்திப் பேசாம இருக்கிற வருஷத்துல இங்க மட்டும் ரோட்டோரம் போர்டு நட்டிருப்பாங்க.

லவுடனோட கிழக்குப் பக்கம் இப்ப 32ஆம் நம்பர் தொகுதி. மேற்குப் பக்கமும் பக்கத்து ஃபாகியர் கவுண்டியில ஒரு துண்டும் சேர்ந்தது 31. 2021 கடைசியில வர்ஜீனியா சுப்ரீம் கோர்ட் புது தொகுதி மேப்புக்கு ஓகே சொன்னப்ப வந்த நம்பர் இது, அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் நிறைய இடம் 33ல இருந்துச்சு. பழைய ஆளுங்க இன்னும் 33ன்னுதான் சொல்லுவாங்க, எல்லை அப்படியே ஒண்ணு இல்ல, ஆனா கதை ஒரே கதை மாதிரிதான் ஓடுது.

என்ன கதைன்னா, இந்தப் பக்கத்து செனட் சீட்ல உக்கார்றவங்க ரொம்ப நாள் உக்கார்றதில்ல, மேல ஏறிப் போயிடுவாங்க, மிச்சமிருக்கிற காலத்துக்கு இடைத்தேர்தல் வரும், அது கரெக்டா ஜனவரிக் குளிர்ல வரும். 2006ல ரிபப்ளிகன் பில் மிம்ஸ் அட்டர்னி ஜெனரல் (ஸ்டேட்டோட தலைமை அரசு வக்கீல்) ஆபீஸுக்குப் போனார், அந்த ஜனவரியில டெமாக்ரட் மார்க் ஹெர்ரிங் ஜெயிச்சு சீட்டையே மாத்திட்டார். ஹெர்ரிங் 2013ல தானே அட்டர்னி ஜெனரலுக்கு நின்னார், ஸ்டேட் முழுக்க 20 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்த எலக்‌ஷன்ல முதல்ல அறிவிச்ச வித்தியாசம் வெறும் 165, அப்புறம் மறுஎண்ணிக்கை வரைக்கும் போய்தான் அவர் ஜெயிச்சார். ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுதுன்னு யாராவது சொன்னா நான் இந்த 165ஐத்தான் சொல்லுவேன். அவர் விட்ட சீட்டுக்கு 2014 ஜனவரியில ஜெனிஃபர் வெக்ஸ்டன் வந்தாங்க, 2018ல அவங்க வாஷிங்டன்ல இருக்கிற காங்கிரசுக்கு (கட்சி இல்ல, அமெரிக்க நாடாளுமன்றம்) ஜெயிச்சுப் போனாங்க, 2019 ஜனவரி 8ல ஜெனிஃபர் பாய்ஸ்கோ. (ரெண்டு ஜெனிஃபர், நானே ரொம்ப நாள் குழம்பியிருக்கேன்.)

வெக்ஸ்டனுக்கு அப்புறம் மூளையப் பாதிக்கிற ஒரு அபூர்வ நோய் வந்து பேச்சே போச்சு, 2024ல கம்ப்யூட்டர் உண்டாக்குன தன் பழைய குரல்லயே சபையில பேசுனாங்க. அவங்க திரும்ப நிக்கலன்னு சொன்னதும் அந்த காங்கிரஸ் சீட்டுக்கு நின்னு 2024 நவம்பர்ல ஜெயிச்சவர் யார்னா, 2023ல புது 32க்கு முதல் செனட்டரா வந்த சுஹாஸ் சுப்ரமணியம். ஒரு வருஷம்தான் செனட்ல இருந்தார். 2019ல இவர் முதல்ல ஹவுஸுக்குப் போனதும் அங்க இருந்த ஜான் பெல் செனட்டுக்கு ஏறுனதால காலியான இடத்துலதான், பாருங்க, எல்லாமே ஏணிதான். இவர் விட்ட 32க்கு 2025 ஜனவரி 7ல இடைத்தேர்தல், கண்ணன் ஸ்ரீனிவாசன் 60 சதவீதத்துக்கு மேல வாங்கி ரிபப்ளிகன் டூமே ஹார்டிங்கை ஜெயிச்சார். கண்ணன் விட்ட ஹவுஸ் சீட்டுக்கும் அதே நாள்ல ஓட்டு, அதுல ஜேஜே சிங். செனட்ல 21க்கு 19, ஹவுஸ்ல 51க்கு 49னு நூல்ல தொங்கிட்டிருந்த டெமாக்ரட் மெஜாரிட்டி அன்னிக்குத் தப்பிச்சுது.

ஏன் ஜனவரின்னு கேக்குறீங்களா? சட்டசபை கூடுறது ஜனவரி ரெண்டாவது புதன். 2025ல அது 8ஆம் தேதி, அதாவது ஓட்டு முடிஞ்ச மறுநாளே. நவம்பர்ல காங்கிரசுக்கு ஜெயிச்சவர் இடத்தை நிரப்பணும்னா நடுவுல இருக்கிறது அவ்வளவுதான் நாள்.

அந்த 2025 ஜனவரி ஓட்டு என்னால மறக்க முடியாது. முந்தின நாள் செம ஸ்னோ, ஸ்கூல் லீவு, காரைத் தோண்டி எடுக்கவே முக்கால் மணி நேரம். நம்ம ஊர்ல இடைத்தேர்தல்னா தெருவே அதிரும், மைக் செட், வேன், மந்திரிங்க எல்லாம் டீக்கடையில. இங்க ஸ்கூல் வாசல்ல கம்பளித் தொப்பி போட்ட ரெண்டு பேர், ஆளுக்கொரு கட்சி, கையில மாதிரி ஓட்டுச்சீட்டு, 40 அடி தள்ளித்தான் நிக்கணும்னு ரூல். உள்ள என்னைத் தவிர யாருமே இல்ல. பேப்பர்ல வட்டத்தைக் கறுப்பாக்கி மெஷின்ல விட்டேன், மூணு நிமிஷம். ஸ்டிக்கர் குடுத்த பாட்டி "ட்ரைவ் சேஃப்"னு ரெண்டு தடவை சொன்னாங்க.

இப்ப புதுசா வந்தவங்க கவனிக்க வேண்டியது. டிரைவிங் லைசன்ஸ் எடுக்கப் போறப்ப நீங்க சிட்டிசனான்னு ஒரு கேள்வி வரும், ஓட்டர் லிஸ்ட்ல சேக்குறதுக்கு. எச்-1பியோ கிரீன் கார்டோ, இல்லைன்னுதான் சொல்லணும். என் ஃப்ரெண்டு ஒருத்தன் எல்லாத்துக்கும் எஸ் எஸ்னு அமுக்கிட்டே போய் கடைசி நொடியில நிறுத்துனான், கை நடுங்கிடுச்சு அவனுக்கு. சிட்டிசன்னு தப்பா சொன்னதா ரெக்கார்டு ஆனா கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் எல்லாத்துக்கும் உலை, நாடு கடத்துற அளவுக்குப் போகலாம், இதுல மட்டும் விளையாடாதீங்க.

அடுத்தது காசு. விசாவுல இருக்கிறவங்க எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூடக் குடுக்கக் கூடாது, கிரீன் கார்டு இருந்தா குடுக்கலாம். யாரோ தெரிஞ்ச அண்ணன் வீட்ல சமோசாவோட ஃபண்ட்ரைசர், டிக்கெட் 50 டாலர்னு கூப்பிட்டா அந்த டிக்கெட்டும் நன்கொடைதான். சம்பளம் வாங்காம போய் கதவு தட்டுறது, போன் பண்றது பிரச்சனையில்ல.

எந்தப் புகாரை யார்கிட்ட கொண்டு போறதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. வருஷா வருஷம் வயித்தெரிச்சல் கொட்டிக்கிற கார் டாக்ஸ் ரேட், வீட்டுப் பக்கத்துல டேட்டா சென்டர் வரலாமா வேண்டாமாங்கிற ஜோனிங் எல்லாம் கவுண்டி போர்டு. ஸ்டேட் இன்கம் டாக்ஸ், ஸ்கூலுக்கு ஸ்டேட்ல இருந்து வர்ற பணம் இதெல்லாம் ரிச்மண்ட். செனட்டர் ஆபீஸுக்கு மெயில் போடறதுக்கு ஓட்டு இருக்கணும்னு எதுவும் இல்ல, இங்க குடியிருந்தாப் போதும்.

சிட்டிசன் ஆனவங்க உறுதிமொழி எடுத்த கையோட ரெஜிஸ்டர் பண்ணிருங்க, வர்ஜீனியாவுல கட்சி பேர் எழுதச் சொல்ல மாட்டாங்க, வழக்கமா ஜூன்ல வர்ற பிரைமரியில (கட்சி வேட்பாளர் யார்னு முடிவு பண்ற ஓட்டு) ரெண்டு கட்சியில எதாவது ஒண்ணுல போடலாம். 40 செனட் சீட்டுக்கும் அடுத்த முழுத் தேர்தல் 2027 நவம்பர். நடுவுல யாராவது ஏணியில ஏறுனா ஜனவரியில திரும்ப அட்டை வரும், பீட்சா கூப்பன்னு நெனச்சு ரீசைக்கிள் டப்பாவுல போட்டுறாதீங்க.