மஃமூல் (பேரீச்சை அடைத்த ரவைப் பலகாரம்) விற்கத் தொடங்கும் சவூதிப் பெண்களுக்கு

2018 முதல் சவூதியில் பெண்கள் தொழில் தொடங்க ஆண் பாதுகாவலரின் ஒப்புதல் தேவையில்லை. வணிகப் பதிவை இணையத்திலேயே முடிக்கலாம். வீட்டுச் சமையல் விற்பனைக்கு உரிய அனுமதியையும் முதலிலேயே பெற்றுவிடுங்கள். பதிவு கையில் வந்ததும் தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவோடு கலந்தால் லாபம் எங்கே போனதென்றே தெரியாது.

பலர் சறுக்குவது விலையில்தான். ஒரு கிலோ மஃமூலுக்கு ரவை, நெய், பேரீச்சை 22 ரியால், பெட்டி 5, உங்கள் உழைப்பு 18 என்று வையுங்கள், அடக்கம் 45. உழைப்பை விட்டுவிடாதீர்கள், அதுவும் செலவுதான். டெலிவரி செயலி 20% கழிவு கேட்டால், 45-உடன் 9 கூட்டி 54 என்று போடுவது தவறு. செயலி 54-இல் 10.80 எடுத்துக்கொள்ளும், கைக்கு 43.20தான் வரும். 45-ஐ 0.8-ஆல் வகுங்கள்: 56.25. லாபத்தையும் சேர்க்க வேண்டுமானால் வகுப்பதற்கு முன்பே 45-உடன் கூட்டுங்கள்.

மஃமூலைச் சூட்டோடு பெட்டியில் அடைக்கவே கூடாது. ஆவி நீராகிப் பூஞ்சை பிடிக்கும். ஈத் நெரிசலில் இந்த அவசரம் அதிகம் நடக்கிறது. முழுக்க ஆறட்டும்.

ஆண்டு விற்பனை 3,75,000 ரியாலைத் தாண்டினால் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு கட்டாயம். வரி 15%. அந்த அளவை நெருங்கும்போதே விலையைத் திருத்துங்கள், இல்லையேல் வரி உங்கள் லாபத்திலிருந்து போகும்.