மெட்டாலிக் பெயின்ட்டைத் தேய்த்து மெருகேற்றுவது எப்படி? ஒரு மஸ்டாங் மாடலை வைத்து

பிளாஸ்டிக் விமானத்துக்குச் சில்வர் பெயின்ட் அடித்தால், சில்வர் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும். அதை அலுமினியத் தகடாகக் காட்டுவது அதன்பிறகு வரும் தேய்ப்பு. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானமான பி-51டி மஸ்டாங்கின் 1/48 மாடலை (அசலின் நீளத்தில் 48-இல் ஒரு பங்கு) வைத்துச் சொல்கிறேன். 1944 தொடக்கத்திலிருந்து அமெரிக்க ராணுவ விமானப் படை தன் போர் விமானங்களுக்குப் பச்சை வண்ணம் அடிப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. அதனால் இந்த ரகத்தில் பல விமானங்கள் வெறும் உலோக உடம்போடுதான் பறந்தன.

இறக்கை மட்டும் வேறு கதை. காற்று வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்று அதிலிருந்த ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் புட்டியால் மூடி, தேய்த்து, மேலே சில்வர் பெயின்ட் அடித்தார்கள். வால் சுக்கானோ துணி போர்த்தியது. ஆகவே நாம் மெருகேற்றப்போவது உடற்பகுதியை மட்டும்தான். முழு விமானமும் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னினால் பொம்மையாகிவிடும்.

முதலில் பரப்பு. பாதி நேரம் இங்கேதான் போகும், போகட்டும். பாகங்களை ஒட்டிய கோடுகளை 600, 1000, 2000 எண் கொண்ட, ஒன்றைவிட ஒன்று நைசான உப்புத்தாள்களால் வரிசையாக தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட அப்போது தெரியும். சாதாரண பெயின்ட் கீறலை மறைக்கும், மெட்டாலிக் பெயின்ட் அதைக் கூப்பிட்டுக் காட்டும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, காயவைக்கவும். இனி கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

மூக்கின் மேல்பகுதியில் விமானியின் கண் கூசாமல் இருக்க மங்கலான ஆலிவ் பச்சைப் பட்டை ஒன்று உண்டு. அதை இப்போதே அடித்து, காய்ந்ததும் டேப்பால் மூடிவிடுங்கள். மெருகேற்றிய பரப்பில் டேப் ஒட்டும் வேலை குறைந்தால் நல்லது.

அடுத்து பளபளப்பான கறுப்பு லாக்கர் (lacquer) பெயின்ட். ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும். அதன்மேல் தேய்ப்பதற்கென்றே வரும் பெயின்ட். நான் பயன்படுத்துவது மிஸ்டர் மெட்டல் கலர் 218, அலுமினியம். துகள் அடியில் தங்கிவிடும், நன்றாகக் கலக்குங்கள். காற்றால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில், மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு. கறுப்பு மறைந்ததும் நிறுத்திவிடலாம். ஜன்னலைத் திறந்துவைத்து, லாக்கர் ஆவிக்கான முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடித்தவுடன் மங்கலான சாம்பல் நிறம்தான் தெரியும். பயப்பட வேண்டாம். பெயின்ட்டிலுள்ள அலுமினியச் செதில்கள் திசைக்கொன்றாகக் கிடக்கின்றன. தேய்க்கும்போது அவை படுத்துக்கொள்ளும். ஒளி ஒரே பக்கமாகத் திரும்பும்.

நன்றாகக் காய்ந்தபின் பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, மூக்கிலிருந்து வாலை நோக்கி மெதுவாகத் தேய்க்கவும். மூலைகளுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி போதும். துணியில் சாம்பல் ஒட்டும், அது இயல்பு. அழுத்த மட்டும் கூடாது. என் முதல் மாடலில் உற்சாகத்தில் அழுத்தித் தேய்த்து, விளிம்புகளில் எல்லாம் கறுப்பு எட்டிப்பார்த்தது.

எல்லாப் பேனலும் ஒரே மாதிரி மின்னாமல் இருந்தால்தான் உண்மையாக இருக்கும். சிலவற்றைக் கூடுதலாகத் தேய்க்கலாம். புகைக்குழாய் அருகே பென்சில் தூளைப் பஞ்சில் தொட்டு லேசாகத் தடவினால் சூடுபட்ட இரும்புச் சாயல் வரும். டேப் ஒட்டியே ஆகவேண்டுமானால், முதலில் பேன்ட்டில் இரண்டு முறை ஒட்டி எடுத்து பசையைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம் கிளியர் கோட், அதாவது மேலே அடிக்கும் நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. முழுவதும் அடித்தால் உழைத்துக் கொண்டுவந்த மினுக்கம் மங்கிவிடும். டெக்கால் (சின்னம், எண்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டிய இடத்தில் மட்டும், தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் கிளாஸை (gloss, பளபளப்பான கிளியர் கோட்) மெல்லியதாகப் பூசுங்கள். மற்ற இடத்தை அப்படியே விட்டுவிட்டு, இறக்கையைப் பிடித்துத் தூக்குங்கள்.