உருளைக்கிழங்கின் நீரியல் திறனை அளப்பது எப்படி

நீரியல் திறன் (water potential) என்பது நீர் எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்லும் அளவு, அது கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் போகும். கிழங்குத் துண்டைச் சர்க்கரைக் கரைசலில் போட்டால், ஒன்று நீரை இழுத்துக்கொண்டு எடை கூடும், இல்லை நீரை விட்டு எடை குறையும். எந்தச் செறிவில் எடை கூடாமலும் குறையாமலும் நிற்கிறதோ, அந்தக் கரைசலின் நீரியல் திறனும் கிழங்கின் நீரியல் திறனும் சமம். அந்தச் செறிவைப் பிடிப்பதுதான் மொத்த வேலையும்.

முதலில் கரைசல். கடைச் சர்க்கரையே போதும், அது கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ்தான். 68.5 கிராம் எடுத்துக் கொஞ்சம் நீரில் கரைத்து, அப்புறம் மொத்தம் 200 மி.லி. வரும்வரை நீர் விட்டால் 1 மோலார் கரைசல், அதாவது லிட்டருக்கு ஒரு மோல் (342 கிராம்) சுக்ரோஸ் உள்ள கரைசல், கிடைக்கும் (200 மி.லி. நீரை அளந்து வைத்து அதில் சர்க்கரையைக் கொட்டினால் செறிவு குறைந்துவிடும்). இதை நீர்த்து 0.1 முதல் 0.6 மோலார் வரை ஆறு கரைசல்கள், கூடவே வெறும் நீர் ஒன்று, ஒவ்வொன்றும் 50 மி.லி. உதாரணமாக 0.3 மோலாருக்கு 15 மி.லி. கரைசல், 35 மி.லி. நீர். சர்க்கரைக்குப் பதில் உப்பு போடலாமே என்று தோன்றும், வேண்டாம். அது இரண்டு அயனிகளாகப் பிரியும், செல்லுக்குள்ளும் புகுந்துவிடும்.

துண்டுகள் எல்லாம் ஒரே கிழங்கிலிருந்து வர வேண்டும். குளிரில் வைத்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும் என்பதால் கிழங்குக்குக் கிழங்கு விடை மாறும். கார்க் போரரால் (துளையிடும் உலோகக் குழாய்) குடைந்து, தோலை முழுக்க நீக்கி, ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். தோல் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் நீர் போகாது. பீக்கருக்கு மூன்று துண்டு, போடும் முன் எடை, பிறகு மூடி வைத்து இரண்டு மணி நேரம். ராத்திரி முழுக்க ஊறவிடுவது எனக்குப் பிடிக்காது, நம் ஊர் வெயிலில் கரைசல் கெட ஆரம்பித்துவிடும்.

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் துடைப்பதில்தான். துண்டின் மேல் ஒட்டியிருக்கும் நீரும் தராசில் ஏறும், அழுத்தித் துடைத்தாலோ செல்லில் இருக்கும் நீரே காகிதத்துக்கு வந்துவிடும். எடை மாற்றமே சில நூறு மில்லிகிராம்தான் இருக்கும் என்பதால், ஒரு துண்டை மெதுவாக உருட்டி எடுத்து அடுத்ததைப் பிழிகிற மாதிரி துடைத்தால் வரைபடத்தில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். டிஷ்யூ பேப்பரில் எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி, அழுத்தாமல் உருட்டுங்கள், முதல் எடைக்கும் கடைசி எடைக்கும் இதே முறைதான், முடிந்தால் ஒரே ஆளே செய்யட்டும். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும்.

எடை மாற்றத்தை முதல் எடையால் வகுத்து சதவீதமாக்கி, செறிவுக்கு எதிராக வரையுங்கள். கோடு பூஜ்யத்தை வெட்டும் இடம் 0.3 மோலார் என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பம் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். செறிவு × வாயு மாறிலி × வெப்பநிலை என்ற சூத்திரப்படி 0.3 × 0.00831 × 300 = 0.75, முன்னால் கழித்தல் குறி போட்டால் −0.75 மெகாபாஸ்கல். பீக்கரில் கரைசல் வளிமண்டல அழுத்தத்திலேயே இருப்பதால் அதன் அழுத்தத் திறன் (அழுத்தத்தால் வரும் பங்கு) பூஜ்யம், எனவே கரைபொருள் திறனே (கரைந்த சர்க்கரையால் வரும் பங்கு) முழு விடை. செறிவு ஏற ஏற இந்தச் சூத்திரம் கழித்தல் குறிக்குப் பின்னால் வரும் எண்ணை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், 1 மோலார் பக்கம் போனால் வித்தியாசம் பெரிது, சுக்ரோஸ் செறிவுக்கான திறன் அட்டவணை இருந்தால் அதைப் பாருங்கள்.

நல்ல தராசு இல்லையா? சர்டகோவ் முறை இருக்கிறது, இதில் எடைக்குப் பதில் கரைசலின் அடர்த்தி மாறியதா என்று பார்ப்போம். ஒவ்வொரு செறிவிலும் இரண்டு சோதனைக் குழாய், ஒன்றில் மட்டும் கிழங்கு. ஒரு மணி நேரம் கழித்துக் கிழங்கை எடுத்துவிட்டு அந்தக் கரைசலில் கொஞ்சம் மெத்திலீன் நீலச் சாயம் கலந்து, ஒரு துளியை ஜோடிக் குழாயின் நடு ஆழத்தில் விடுங்கள். துளி மேலே போனால் கிழங்கு நீரை விட்டுக் கரைசலை லேசாக்கியிருக்கிறது, கீழே இறங்கினால் நீரை எடுத்துக் கரைசலை அடர்த்தியாக்கியிருக்கிறது, நின்ற இடத்திலேயே கலைந்தால் அதுதான் நீங்கள் தேடும் செறிவு. சாயத்தைத் தூளாகவே ஊசிமுனையளவு போடுங்கள், கரைத்து வைத்த சாயத்தை விட்டால் அதிலுள்ள நீரே துளியை மேலே தூக்கிவிடும்.