தனியாக முதல் பாத யாத்திரை: கொழும்பில் இறங்கிய பின் எந்த வழி?

வைகாசி பிறந்தால் வெள்ளவத்தையில் வெளிநாட்டு உறவுகளின் முகங்கள் தென்படத் தொடங்கும். கலியாணத்துக்கு வருபவர்கள், காணி அலுவலுக்கு வருபவர்கள் என்று பலர். அவர்களுக்கு நடுவில் ஒரு சிலர் நடப்பதற்கென்றே வருகிறார்கள். "கதிர்காமத்துக்கு நடந்து போக வேணும், கூட வர ஆள் இல்லை. தனியாகப் போகலாமா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

போகலாம். அதற்கு முன் நீங்களே உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நடுவில் முடியாமல் போனால் எந்த இடத்தில் நிறுத்தி, எப்படித் திரும்புவேன்? தூரம், புண்ணியம், பெயர் எல்லாவற்றையும் விட முதல் தடவை தனியாக நடப்பவருக்கு வழியைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான். ஸ்பெயினின் சந்தியாகோ பாதையை நடந்து பார்த்துவிட்டு அந்தத் தைரியத்தில் வருபவர்களும் இருக்கிறார்கள். அங்கே மஞ்சள் அம்புக்குறி வழி காட்டும், ஊருக்கு ஊர் யாத்திரிகர் விடுதி இருக்கும். இங்கே வழிகாட்டி என்றால் முன்னால் நடக்கிற சாமிதான் (சக அடியாரை அப்படித்தான் அழைப்பார்கள்), தங்குமிடம் என்றால் கோயில் மண்டபம்தான். அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த பெரிய நடை, தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கிழக்குக் கரையோரமாக இறங்குவது. வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கோயில் கோயிலாகத் தங்கி, கடைசியில் காட்டைக் கடந்து கதிர்காமம். ஒன்றரை மாதத்துக்கு மேல், சில வேளை இரண்டு மாதம் வரை ஆகும். போர்க் காலத்தில் பல ஆண்டுகள் வடக்கிலிருந்து நடக்க முடியாமல் இருந்த வழி இது. இன்று வேல் தாங்கி முன்னே ஒருவர் நடக்க, அடியார் கூட்டம் பின்னே போவதைப் பார்க்கும் யாருக்கும் தானும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனாலும் முதல் தடவைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் பெரும்பாலானோருக்கு முதலில் கிடைப்பது 30 நாள் சுற்றுலா விசா. முழு நடைக்கு அது போதாது. நீடிப்பு எடுத்த பிறகே புறப்பட வேண்டும். லீவும் அவ்வளவு கிடைக்காது. அதைவிடப் பெரிய விஷயம், பனியில் பழகிய உடம்பு வன்னி வெயிலில் முதல் வாரத்திலேயே தளர்ந்துவிடும்.

இன்னொரு பக்கம், கொழும்பிலிருந்து போகிறவர்களில் பலர் நேரே உகந்தைக்குப் பேருந்தில் போய், காட்டுப் பகுதியை மட்டும் நடக்கிறார்கள். நான்கைந்து நாளில் முடிந்துவிடும், லீவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் தனியாக வரும் புதியவருக்கு இதுதான் மிகக் கடினமான தொடக்கம் என்பது என் எண்ணம். உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினால் குமணை வனம். குமுக்கன் ஆற்றைக் கடந்தால் யால வனம். நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்குமிடங்கள் வரும். நடுவில் பேருந்து இல்லை, முச்சக்கர வண்டி இல்லை, பெரும்பாலான இடங்களில் தொலைபேசித் தொடர்பும் இல்லை. காலில் கொப்புளம் வந்தாலும் வயிறு குழம்பினாலும் அடுத்த தங்குமிடம் வரை நடந்தே ஆக வேண்டும். யானை நடமாடும் காடு. அங்கே உங்களைத் தேடிப் பார்க்க, "அந்த லண்டன் சாமி எங்கே, இன்னும் வரவில்லையே" என்று கேட்க, உங்கள் முகம் தெரிந்த நாலு பேர் வேண்டும்.

அந்த நாலு பேரைச் சம்பாதிப்பதற்காகத்தான் நான் திருக்கோவிலைச் சொல்கிறேன். சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் தங்கிப் போகும் குழுக்களோடு அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை, உகந்தை. அவசரம் இல்லாமல் நடந்தால் நாலைந்து நாள். பாணமை வரை பெரும்பாலும் தார் வீதி, ஊர்கள் வந்துகொண்டே இருக்கும், பொத்துவிலில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. முடியவில்லை என்றால் கை காட்டி ஒரு பேருந்தை நிறுத்தலாம். உகந்தையை அடையும்போது கால் பழகியிருக்கும், எந்தச் செருப்பு கடிக்கிறது என்று தெரிந்திருக்கும், எந்தக் குழு உங்கள் வேகத்துக்கு ஒத்துவரும் என்றும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு காடு. காட்டுக்குள் போக மனம் இல்லை என்றால் உகந்தையிலேயே கும்பிட்டுத் திரும்பினாலும் குறையில்லை. முருகனும் வள்ளியும் கல்லோடங்களில் வந்து இறங்கிய இடம் என்று கிழக்கு மக்கள் போற்றும் தலம் அது.

கூடுதலாக ஒரு வாரம் இருந்தால் மட்டக்களப்பிலிருந்தே தொடங்கலாம். மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டுப் புறப்பட்டு, குருமண்வெளியில் வாவியைக் கடந்து மண்டூர் முருகனிடம் போவது மனதை நிறைக்கும் ஒரு பகுதி. சின்னக் கதிர்காமம் என்று ஊரார் அழைக்கும் கோயில் அது.

திகதி விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. காட்டுப் பாதை ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் திறந்து மூடுவார்கள். ஆடி உற்சவம் என்று பொதுவாகச் சொன்னாலும், ஆண்டுக்கு ஆண்டு திகதி மாறும். பாதை ஜூனிலேயே திறந்த ஆண்டுகளும் உண்டு. அம்பாறை மாவட்டச் செயலகத்தில் கூட்டம் நடத்தி அறிவித்த பிறகு விமான டிக்கெட் எடுப்பதுதான் நல்லது. முன்பே எடுக்க வேண்டிய நிலை என்றால் திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். பாதை திறந்த முதல் நாள் உகந்தையில் நெரிசல் மிக அதிகமாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாள் நுழைவது தனியாக வருபவருக்கு இலகு. கடைசி நாட்களுக்குத் தள்ளிப் போடாதீர்கள், பின்னால் ஆட்கள் குறைந்துவிடுவார்கள்.

இனி மற்ற வழிகள். கதிர்காமக் காலத்தில் வர முடியாதவர்களுக்குச் சிவனொளிபாதமலை இருக்கிறது. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை அதன் காலம். 2,243 மீற்றர் உயரம். ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய் ஏறுவதுதான் குறுகிய வழி. 5,000க்கு மேல் படிகள். இரத்தினபுரிப் பக்கமிருந்து ஏறும் வழிகள் நீளமானவை, காடு கூடியவை, ஆட்கள் குறைந்தவை. தனியாக முதல் தடவை என்றால் நல்லதண்ணி வழியைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இரவு முழுக்க விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், மலையகத் தமிழ்க் குடும்பங்களும் சிங்கள யாத்திரிகர்களும் வரிசையாக ஏறுவார்கள். பௌர்ணமி, வார இறுதி இரண்டையும் தவிர்த்தால் நெரிசல் இல்லை. உச்சியில் குளிர் கடுமை, கம்பளிச் சட்டை வேண்டும். ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலை வாட்டும். மேலே ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவையோ அத்தனை முறை அடிப்பது வழக்கம், நீங்கள் ஒரு தடவை அடிப்பீர்கள். காலம் முடிந்த பிறகு மழையும் அட்டையும் தான் துணை. அப்போது தனியாக ஏறாதீர்கள்.

கத்தோலிக்க உறவுகள் மடு மாதாவிடம் நடந்து போவார்கள். ஆகஸ்ட் 15 பெருவிழா. தலைமன்னார் ரயில் பாதையில் மடு வீதி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தேவாலயம் வரை நடந்தாலே ஒரு காலைப் பொழுது ஆகும். வயதானவர்களுக்கும் தங்களால் எவ்வளவு நடக்க முடியும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கும் அது போதுமான நடை.

கொழும்பை விட்டே போக முடியாதவர்களுக்கு ஆடிவேல். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டி வரை வேல் ரதத்தோடு நடப்பது நகர நடைதான், ஆனாலும் கொழும்புத் தமிழரின் நேர்த்தி அதில் இருக்கிறது. கதிர்காம உற்சவத்தை ஒட்டியே வருவதால் இரண்டையும் ஒரே ஆண்டில் செய்யத் திட்டமிட வேண்டாம்.

எந்த வழி என்றாலும் கொழும்பில் ஒரு வாரமாவது தங்கி உடம்பைப் பழக்குங்கள். வெள்ளவத்தையில் தங்கினால் காலை ஐந்து மணிக்கு மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல் வரை நடந்து, அப்புறம் பேருந்தில் திரும்பலாம். மூன்றாம் நாளிலிருந்து முதுகுப் பையையும் போட்டுக்கொண்டு நடங்கள். பையின் பாரம் வீட்டில் தூக்கிப் பார்க்கும்போது தெரியாது. ஆறாவது கிலோமீட்டரில்தான் தெரியும். இரண்டு மாற்றுடுப்பு, ஒரு போர்வை, ஒரு பாய், டோர்ச், நுளம்புத் திரி, தண்ணீர்ப் போத்தல்கள். இதற்கு மேல் வைப்பதை எல்லாம் வழியில் யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள். பொலித்தீன் பை காட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். ஜீவனிப் பைக்கற்றுகள் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) பத்து, சித்தாலேப தைலம், பஞ்சு, பிளாஸ்டர் எல்லாம் காலி வீதி மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வெறுங்காலில் நடப்பது பலரின் நேர்த்தி, அதை மதிக்கிறேன். ஆனால் உங்களுக்கு நீரிழிவு இருந்தால், குறிப்பாகப் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால், வெறுங்கால் வேண்டாம். தார் வீதியின் சூடும் முள்ளும் ஏற்படுத்திய காயம் உங்களுக்குத் தெரியாமலே பழுத்துவிடும். நம் புலம்பெயர் தலைமுறையில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பதை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன். முருகன் செருப்புப் போட்டு வந்தவரைக் கோபிக்க மாட்டார். இன்சுலின் எடுப்பவர்கள் காட்டுக்குள் குளிரூட்டி கிடையாது என்பதைப் புறப்படும் முன்பே உங்கள் டொக்டரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் காட்டைத் திட்டத்தில் வையுங்கள். அன்னதானம் ஊர் ஊராகக் கிடைக்கும், ஆனால் சோறு எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மாத்திரைக்கு முன் சாப்பிட எப்போதும் கையில் பிஸ்கட்டோ பேரீச்சம்பழமோ இருக்க வேண்டும்.

கிழக்கில் அந்த மாதங்களில் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும். வியர்வை காய்ந்துவிடுவதால் தண்ணீர் இழப்பது தெரியாது. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, ஒன்பது, பத்து மணிக்குள் நிழல் தேடி, பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு மீண்டும் நடப்பதுதான் பழைய அடியார்களின் முறை. காட்டுக்குள் மட்டும் விடியும் முன் தனியாக முன்னே போகாதீர்கள், குழு எழும்பும்போது எழும்புங்கள்.

பெண்கள் தனியாக வரலாமா என்று கேட்பவர்களுக்கு: கிழக்கு மாகாண அம்மாமார் நூற்றுக்கணக்கில் நடக்கும் வழி இது. போன அன்றே ஒரு மூத்த அம்மாவிடம் "அம்மா, நான் தனியாக வந்திருக்கிறேன், உங்களோடு நடக்கலாமா?" என்று கேளுங்கள். அதன் பிறகு நீங்கள் எங்கே படுக்க வேண்டும், எப்போது குளிக்க வேண்டும் என்பதை எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். நீங்களும் அவருக்குத் தண்ணீர் சுமக்க வேண்டிவரும். ஆண்களுக்கும் இதே வழிதான். குழுத் தலைவரிடம் சொல்லிச் சேருங்கள், சமையலுக்கு விறகு பொறுக்குங்கள். உங்கள் பங்குக்குக் காசு கொடுக்க விரும்பினால் ஆளுக்கு ஆள் நீட்டாமல், குழுவுக்கு அரிசி, பருப்பு வாங்கிக் கொடுங்கள்.

கொழும்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் புறக்கோட்டையில் இரவுப் பேருந்து கிடைக்கும். அங்கிருந்து திருக்கோவில் பக்கத்தில்தான். மட்டக்களப்புக்கு என்றால் கோட்டையிலிருந்து ரயிலில் போகலாம், இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றை நனையாத உறையில் உடம்போடு வைத்து, மூலத்தைக் கொழும்பில் நம்பகமான உறவினரிடம் விட்டுச் செல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், மூலமும் உங்களோடு இருக்கட்டும். உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கும் முன் வீட்டுக்கு அழைத்து, எத்தனை நாளுக்குப் பேச முடியாது என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரொறொன்ரோவில் ஒரு குடும்பமே பதறும். இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகி, ஆடை மாற்றிக் கோயிலுக்குப் போங்கள். மூலஸ்தானம் திரையிட்டே இருக்கும், பூசை செய்பவர் கப்புறாளை என்று அழைக்கப்படும் சிங்களப் பூசகர். நல்லூர் போல அர்ச்சனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். செல்லக்கதிர்காமப் பிள்ளையாரையும் கதிரமலையையும் ஒரு நாள் தள்ளி, கால் ஆறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உற்சவ காலத்தில் தங்குமடங்கள் நிறைந்திருக்கும். இடம் இல்லை என்றால் திஸ்ஸமகாராமையில் தேடலாம். கொழும்புக்கு நேரடிப் பேருந்து உண்டு. திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாள் கொழும்பில் இடைவெளி வையுங்கள், வீங்கிய காலோடு பத்து மணி நேரம் விமானத்தில் இருப்பது நல்லதல்ல.