வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்கள் சொதப்பும் இடங்கள்

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு வாசலிலேயே அம்மாவின் ஸ்கூட்டருக்குச் சென்டர் ஸ்டாண்டு போட்டேன். அடியில் ஒரு பழைய பேசினைத் தள்ளி, குனிந்து பார்த்து, கண்ணில் பட்ட முதல் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் வந்தது. அரை டம்ளர் தேறும், அதோடு நின்றுவிட்டது. 'அம்மா எங்கே ஆயில் பார்த்தார், குறைந்துபோயிருக்கும்' என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, போல்ட்டை மாட்டிவிட்டு, மேலே 700 மில்லி புது ஆயிலை ஊற்றினேன்.

கிரீன் சர்க்கிள் தாண்டி பாலாற்றுப் பாலத்தில் போகும்போது பின்சக்கரத்துப் பக்கம் ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம். காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் சைலன்சரில் புகை. அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் குனிந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார். "இன்னாபா, கியர் ஆயில எறக்கிட்டு இஞ்சினுக்கு ஊத்திகீறியே?"

விஷயம் இதுதான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு தனித்தனி ஆயில் உண்டு. ஒன்று இஞ்சினுக்கு. இன்னொன்று பின்சக்கரத்தை ஒட்டி இருக்கும் சின்ன கியர் பெட்டிக்கு. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 100, 120 மில்லி அளவுதான் பிடிக்கும். இரண்டுக்கும் அடியில் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட் தனித்தனியாக இருக்கிறது. நான் திறந்தது பின்னால் இருந்த சின்னதை. ஆகவே கியர் பெட்டி காய்ந்துபோய் ஊளையிட்டது. இஞ்சினில் பழைய ஆயில் அப்படியே இருக்க, அதன் தலையில் இன்னும் 700 மில்லி. அளவுக்கு மேல் நிற்கிற ஆயிலை, உள்ளே சுழல்கிற கிராங்க் தண்டு அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயில், இஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் டியூப் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறும், எரிந்து புகையாக வெளியே வரும். ஏர் ஃபில்டர் தீர்ந்தது. கியர் பெட்டி தப்பியது என் அதிர்ஷ்டம்.

காரிலும் இதே கூத்து உண்டு. இஞ்சின் ஆயில் என்று நினைத்து கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கிவிட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

அன்றிலிருந்து நான் ஒன்றை விடுவதில்லை. வெளியே வந்ததை அளக்காமல் உள்ளே ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஸ்கேல் வைத்து, 100 மில்லிக்கு ஒரு கோடாக மார்க்கரில் போட்டு வைத்திருக்கிறேன். பழைய ஆயிலை அதில் ஊற்றிப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். 700 வரவேண்டிய இடத்தில் 120 வந்தால் போல்ட் தப்பு. 450 வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. கூடவே நிறம் இருக்கிறது. ஓடிய இஞ்சின் ஆயில் கருத்திருக்கும். கியர் ஆயில் அவ்வளவு கருக்காது. நான் அந்த நிறத்தைப் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை.

அடுத்து, அளவு பார்க்கிற குச்சி. டிப்ஸ்டிக்கைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்க்கிறார்கள். ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க, குச்சி பொய் சொல்லும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, துடைத்துப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு நுணுக்கம். நம் ஊரில் அதிகம் ஓடும் பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா உட்கார வைத்துத்தான் பார்க்கணும். திருகிவிட்டால் குச்சி கீழே இறங்கி, ஆயில் கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். சில வண்டிகளில் திருகித்தான் பார்க்கணும். எது என்று சீட்டுக்கடியில் தூங்குகிற மேனுவல் புத்தகத்தில் படம் போட்டே இருக்கும்.

இனி போல்ட். ஆயில் மாற்றும் வேலையில் அதிகப் பணம் போகிற இடம் இதுதான். போல்ட் இரும்பு, அது உட்காரும் இஞ்சின் அடிப்பகுதி அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் அலுமினியம்தான் தோற்கும். 100, 125 சிசி வண்டிகளில் டிரெயின் போல்ட்டுக்குச் சொல்லப்படும் முறுக்கு பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் அக்கம்பக்கம். கையால் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் எட்டு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வருகிற அழுத்தம். அவ்வளவுதான். 'லீக் ஆகிவிடப் போகிறது' என்று ஸ்பேனரில் ஜிஐ பைப்பைச் செருகி எம்புகிறவர் அதைப்போல ஐந்தாறு மடங்கு கொடுக்கிறார். முதலில் இறுகும், இன்னும் இறுகும், அப்புறம் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அந்த வழுக்கலைக் கையில் ஒருமுறை உணர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மரை போயிற்று. மரை கழன்ற கேஸ் என்று ஊரில் சும்மா சொல்லவில்லை. பிறகு லேத்து பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், துளையைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் போல்ட்டோ, உள்ளே கம்பிச்சுருள் மரையோ போட வேண்டும்.

கசியாமல் தடுப்பது முறுக்கு இல்லை, வாஷர். போல்ட்டுக்கடியில் இருக்கும் அலுமினியம் அல்லது செம்பு வாஷர் நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக நசுங்காது. சில்லறைக் காசுக்கு ஸ்பேர்ஸ் கடையில் கிடைப்பதை வாங்க மனமில்லாமல், பழைய வாஷரையே போட்டு, கசிவதைப் பார்த்து இன்னும் முறுக்கி, மரையைக் கெடுத்துக்கொள்வது வழக்கமான வரிசை.

மரை போக இன்னொரு வழி, திசை குழம்புவது. டிரெயின் போல்ட்டின் தலை தரையைப் பார்த்து இருக்கிறது. நாம் மேலே இருந்து குனிந்து பார்க்கிறோம். மேலே இருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசை என்று நாம் திருப்புவது, போல்ட்டுக்குக் கடிகாரத் திசை. கழற்றுகிறேன் என்று பல்லைக் கடித்து இறுக்குகிறோம். தரையில் படுத்து போல்ட்டின் முகத்தைப் பார்த்துத் திருப்பினால் குழப்பமே வராது. மாட்டும்போது முதல் நாலைந்து சுற்று ஸ்பேனரைத் தொடாமல் விரலால் மட்டும் திருகுங்கள். விரலுக்கு இறுக்கமாக இருந்தால் போல்ட் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

ஆயில் தேர்வில் வேலூர்க்காரர்களுக்கு என்றே ஒரு தவறு இருக்கிறது. 'நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிற்கும்' என்று 10டபிள்யூ-30 கிரேடு ஆயில் கேட்கிற வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரி தாண்டுவது உண்மைதான். ஆனால் அந்தக் கடைசி எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்வது. இஞ்சினுக்குள் இருக்கிற சூட்டைக் கணக்கில் எடுத்துத்தான் கம்பெனி அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறது. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏற நேரம் எடுக்கும், மைலேஜும் குறையும். மேனுவலில் வேறு கிரேடு அனுமதித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். டீக்கடை சிபாரிசுக்குப் போடாதீர்கள்.

மீந்த கார் ஆயிலை பைக்கில் ஊற்றுவது அதைவிட மோசம். கியர் பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். கிளட்சுக்கோ உராய்வுதான் பிழைப்பு. சமவெளியில் தெரியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேரோடு ஏறும்போது இஞ்சின் கத்தும், வண்டி நகராது. டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் கியர் பைக்குக்கு. எம்பி என்று இருந்தால் ஸ்கூட்டருக்கு.

இஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிக் 'கழுவுகிற' பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். முழுக்க வடியாது, மூலைமுடுக்கில் தங்கி புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

காருக்கு அடியில் போகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்வேன். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக்கையும் நம்பாதீர்கள், அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஜாக் ஸ்டாண்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஆயில் வேலையை ஷெட்டுக்கே விட்டுவிடுங்கள். ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையம் சேர்ந்து, ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் அத்தனை ஆயிலும் தரையில். புது வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும்.

அப்புறம் நடுவில் யாராவது கூப்பிட்டு, திரும்பி வந்து ஆயில் ஊற்றாமலே ஸ்டார்ட் செய்கிற விபத்து. சிரிக்காதீர்கள், நடக்கிறது. நான் வண்டிச் சாவியைப் புது ஆயில் டப்பாவின் மூடிமேல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுகிறேன். டப்பாவைத் திறக்காமல் சாவி கைக்கு வராது. காலியான டப்பாவை அடியில் ஓட்டை போட்டுத்தான் எறிவேன். முழு டப்பாவாகப் பழைய சாமான் கடைக்குப் போனால் அதில் போலி ஆயில் ஏறித் திரும்பக் கடைக்கு வரும்.

கடைசியாக அந்தக் கறுப்பு ஆயில். வாசல் சாக்கடையில் ஊற்றுவார்கள், கரையானுக்கு என்று வேலிக்கால் அடியில் ஊற்றுவார்கள், சொறி பிடித்த தெருநாய் மேலேகூடத் தடவுவார்கள். நாய் அதை நக்கும், அதன் தோலும் வெந்துபோகும். மண்ணில் ஊற்றுவதைப் பற்றி நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தண்ணியில்லா ஆறு என்று கேலி பேசினாலும் பாலாற்று மணலுக்கு அடியில் ஊறுவதைத்தான் இன்றும் குடிக்கிறோம். முன்னெச்சரிக்கையும், மாசுபடுத்தியவரே ஈடு செய்வதும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கத்திய தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில்தான். 2016 விதிகளின்படி கழிவு ஆயிலும் அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது.

நான் கோடு போட்ட பாட்டிலில் அளந்ததை ஒரு ஐந்து லிட்டர் கேனில் சேர்த்து வைக்கிறேன். நிறைந்ததும் காட்பாடி அண்ணனின் ஷெட்டில் இருக்கும் டிரம்மில் ஊற்றிவிட்டு வருவேன். மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் அதை வந்து வாங்கிப் போகிறார்கள். என் கேனைப் பார்த்தாலே அவர் கேட்பது ஒன்றுதான். "இது இஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலாபா?"